கார்த்தஹேனாவில் நாலு நாள்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான். அட்லாண்டாவில் இருக்கும் ஒரு குடும்பம்: கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் மனைவியின் அம்மா. பிப்ரவரியில் வரும் நீண்ட வார இறுதியோடு ஒரு நாள் லீவு சேர்த்தால் நாலு நாள் கிடைக்கிறது. கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குப் போகலாமா, போனால் போகாகிராந்தே கடற்கரையில் ஒரு பெரிய ரிசார்ட்டில் ரூம் போட்டுவிடலாமா, சுத்த சைவமான அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா, ஊர் பாதுகாப்பானதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் ரிசார்ட் வேண்டாம். கார்த்தஹேனா கரீபியக் கடலோரத்தில்தான் இருக்கிறது, அதற்காக விளம்பரப் படத்தில் வரும் நீலத் தண்ணீரை ஹோட்டல் வாசலில் எதிர்பார்த்துப் போனால் முதல் நாளே மனசு விட்டுப்போகும். போகாகிராந்தேயில் மணல் சாம்பல் நிறம், தண்ணீர் கலங்கல். மக்தலேனா ஆற்றையும் கார்த்தஹேனா வளைகுடாவையும் இணைக்க ஸ்பானியர்கள் 1650இல் வெட்டிய தீக்கே கால்வாய் இன்றைக்கும் ஆற்று வண்டலை வளைகுடாவில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறது, கலங்கலுக்கு அது ஒரு பெரிய காரணம். நீலத் தண்ணீர் வேண்டுமென்றால் படகேறித் தீவுக்குப் போகவேண்டும், அதற்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். மீதி நாட்களை மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்துக்குக் கொடுங்கள். இந்த ஊருக்கு இவ்வளவு தூரம் போவதே அதற்காகத்தான்.

தங்கும் இடத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் நாலு நாள் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் அதில்தான் இருக்கிறது. பழைய நகரத்துக்குள் சென்ட்ரோ, சான் தியேகோ என்று இரண்டு பகுதிகள், மதிலுக்கு வெளியே ஒட்டினாற்போல ஹெத்செமானி. அம்மா கூட வருவதால் என் ஓட்டு சான் தியேகோவுக்கு. சென்ட்ரோவை விட அமைதி, எதற்கும் நடந்தே போய்விடலாம், மத்தியானம் அம்மா களைத்துப்போனால் பத்து நிமிடத்தில் ரூமுக்கு வந்துவிடலாம். ஹெத்செமானி இளைஞர்களுக்கு அருமையான இடம், ஆனால் ராத்திரி பாட்டுச் சத்தம் அடங்க நேரமாகும். ஹோட்டல்களில் பெரும்பாலானவை பழைய வீடுகள், பலவற்றில் லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்தாக இருக்கும். அதனால் புக் செய்யும் முன்பே தரைத்தள ரூம் உண்டா என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். தெருப்பக்கம் பால்கனி வைத்த ரூம் போட்டோவில் அழகாக இருக்கும், தூங்குவதற்கு முற்றம் பார்த்த ரூம்தான் நல்லது. சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் கிடைத்தால் உங்கள் குடும்பத்துக்கு அதுவே முதல் தேர்வு, ஏன் என்று சாப்பாட்டுப் பேச்சில் சொல்கிறேன். இன்னொன்று, கொலம்பியாவில் குடியிருக்காத வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஹோட்டல் ரூம் வாடகையில் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டையும் அதிலுள்ள நுழைவு முத்திரையையும் காட்டி, பில்லில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வெயில். கார்த்தஹேனா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 பாகையில், திருச்சிக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட அட்சரேகையில் இருக்கிறது. வருடம் முழுக்க முப்பது டிகிரிக்குக் குறையாத பகல், கூடவே கடலோரப் புழுக்கம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை இல்லாத காலம், அதிலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் வடகிழக்கிலிருந்து காற்று விடாமல் வீசும், அதனால் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதம் நல்ல மாதம். அக்டோபர்தான் மழை கொட்டும் மாதம், தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் நாட்களும் உண்டு. ஆனால் எந்த மாதமானாலும் பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை கல் தெருவில் நடப்பது தண்டனைதான். ஊர்க்காரர்களே அந்த நேரத்தில் நிழலை விட்டு வருவதில்லை. எனவே நாளை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள்: காலை ஆறிலிருந்து பத்து பத்தரை வரை ஒரு பாதி, மாலை நாலரைக்கு மேல் இன்னொரு பாதி, நடுவில் சாப்பாடு, தூக்கம், ஏசி, அல்லது ஏசி உள்ள மியூசியம். "பார்க்கவேண்டிய பத்து இடங்கள்" என்று பட்டியல் போட்டுக்கொண்டு நடுப்பகலில் அலையும் குடும்பங்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், குழந்தைகள் முகம் சிவந்து அழுதுகொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் பாதியை விட்டாலும் பரவாயில்லை.

வந்து இறங்கும் நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையம் பழைய நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான், கால் மணி நேரத்தில் ரூமில் இருப்பீர்கள். ஐந்து மணி வாக்கில் கிளம்பி மதில் மேல் ஏறுங்கள். ஏறுவதற்குப் பல இடங்களில் சரிவுப் பாதை உண்டு, பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போவதற்காகப் போட்டது, அம்மாவும் மெதுவாக ஏறிவிடலாம், டிக்கெட் கிடையாது. ஆறு மணியை ஒட்டிச் சூரியன் கடலில் இறங்கும். சாந்தோ தொமிங்கோ கொத்தளத்தில் கூட்டம் நெரியும், அங்கே நிற்கவேண்டும் என்று கட்டாயமில்லை, கொஞ்ச தூரம் வடக்கே நடந்தால் மதில் முழுக்க உங்களுக்குத்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே மதிலுக்கு மறுபடி போகச் சொல்வேன். இந்த முறை கடலைப் பார்க்கவேண்டாம், கல்லைப் பாருங்கள். பையனைக் கையோடு கூட்டிப்போய் மதில் சுவரில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அது மலைக்கல் இல்லை, பவளப்பாறை. பழைய கடல்படுகையிலிருந்து வெட்டியெடுத்த கல்லில் பவளப் பூச்சிகள் கட்டிய சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகளும், வரிவரியான மேடுகளும், சில இடங்களில் ஒரு முழுச் சிப்பியும் அப்படியே தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அது கண்ணில் படும், பகலில் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். கடலிலிருந்து எடுத்த கல்லை வைத்துக் கடல்வழி வரும் எதிரிக்கு எதிராகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கல்லை வெட்டிச் சுமந்தவர்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அதைப் பையனிடம் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு பார்க்கும் எல்லாவற்றுக்கும் அது அடிப்படை.

ஏன் இவ்வளவு பெரிய மதில்? பெத்ரோ தே எரேதியா 1533இல் நிறுவிய இந்த ஊர், தென் அமெரிக்காவின் தங்கமும் வெள்ளியும் ஸ்பெயினுக்குக் கப்பலேறும் துறைமுகங்களில் ஒன்றாக ஆனது. செல்வம் குவிந்த இடத்துக்குக் கொள்ளைக்காரர்கள் வராமல் இருப்பார்களா? 1586இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக் ஊரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வீடுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி, பெரிய தொகையைப் பறித்துக்கொண்டுதான் போனார். அதற்குப் பிறகுதான் பவுதிஸ்தா அந்தோனெல்லி என்ற இத்தாலியப் பொறியாளரை வைத்து ஸ்பெயின் மன்னர் மதில் திட்டம் போட்டார். ஆரம்பித்தது அப்போது, முடிந்தது 1796இல், இரண்டு நூற்றாண்டு வேலை. நடுவில் 1697இல் பிரெஞ்சுப் படை வந்து மறுபடி சூறையாடியது. யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது மதிலை மட்டுமல்ல, துறைமுகம், கோட்டைகள் எல்லாவற்றையும் சேர்த்தே அறிவித்தது. அது சரியான முடிவு, இவை தனித்தனிச் சின்னங்கள் அல்ல, சேர்ந்து இயங்கிய ஒரே ஏற்பாடு.

அந்த ஏற்பாடு உண்மையில் சோதிக்கப்பட்டது 1741இல். பையனுக்கு இந்தக் கதை கட்டாயம் பிடிக்கும். ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் வெர்னன் 186 கப்பல்களோடும் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடும் வந்து நின்றார். எதிரே சில ஆயிரம் பேர், ஆறு போர்க்கப்பல். கடற்படைப் பொறுப்பில் இருந்த பிளாஸ் தே லெசோவுக்கு முந்தைய போர்களில் ஒரு கால் போயிருந்தது, ஒரு கண் போயிருந்தது, ஒரு கை செயலிழந்திருந்தது. வெளிக் கோட்டைகள் விழுந்த செய்தி லண்டனுக்குப் போய், வெற்றி என்றே நினைத்து, லெசோ மண்டியிடுவதுபோல நினைவுப் பதக்கங்களே அடித்துவிட்டார்கள். ஆனால் சான் ஃபெலிப்பே கோட்டையைப் பிடிக்க நடந்த தாக்குதல் தோற்றது, அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஆங்கிலேயப் படையை ஆயிரக்கணக்கில் சாய்த்தது, வெர்னன் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தப் படையில் ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் லாரன்ஸும் இருந்தார், தன் தளபதியின் பெயரைத்தான் பிறகு தன் பண்ணைக்கு மவுண்ட் வெர்னன் என்று வைத்தார். அமெரிக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு மவுண்ட் வெர்னன் நன்றாகத் தெரிந்திருக்கும், அந்தப் பெயர் இந்தக் கோட்டையடியில் நடந்த போரிலிருந்து போனது என்பது தெரிந்திருக்காது.

எனவே சான் ஃபெலிப்பே தே பராஹாஸ் கோட்டைக்கு ஒரு காலை கொடுங்கள். திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள், ஏனென்றால் மேலே நிழல் என்பதே கிடையாது. தொப்பி, தண்ணீர் இல்லாமல் போகவேண்டாம். தரையோடு தரையாகச் சரிந்து ஏறும் சுவர்கள், எந்தப் பக்கம் எதிரி ஏறினாலும் இன்னொரு மேடையிலிருந்து சுடும்படியான அமைப்பு, எல்லாவற்றையும் விட உள்ளே ஓடும் சுரங்கங்கள். ஒரு முனையில் காலடி வைத்தால் இன்னொரு முனையில் கேட்கும்படி கட்டியிருக்கிறார்கள், எதிரி உள்ளே வந்துவிட்டால் தெரியவேண்டும் என்பதற்காக. பையனை ஒரு முனையில் நிறுத்திவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் போய் மெல்லப் பேசிப் பாருங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் மேலே ஏறும் சரிவு கொஞ்சம் சிரமம், சுரங்கத்தில் குனிந்து போகவும் வேண்டியிருக்கும். அவர் கீழே லெசோ சிலை வரை வந்து பார்த்துவிட்டு உங்கள் கணவரோடு டாக்சியில் ரூமுக்குத் திரும்பிவிடலாம், நீங்களும் பையனும் ஏறுங்கள்.

இப்போது, பயண நிறுவனங்கள் அரை நிமிடத்தில் கடந்துபோகும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த ஊரில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். மணிக்கூண்டு வாசல் வழியாக உள்ளே நுழைந்ததும் முக்கோண வடிவில் ஒரு சதுக்கம் வரும், பிளாசா தே லோஸ் கோச்செஸ். மஞ்சள் கட்டிடங்கள், பால்கனிகள், போட்டோ எடுக்கும் கூட்டம். ஒரு பக்க வளைவுகளுக்குக் கீழே வரிசையாக இனிப்புக் கடைகள், தேங்காய்த் துருவலைப் பாகில் கிளறிச் செய்த கொகாதாவைக் கண்ணாடி ஜாடிகளில் வைத்து விற்கும் பெண்கள். அந்தச் சதுக்கம் அடிமைச் சந்தையாக இருந்தது. ஸ்பானிய அமெரிக்காவில் ஆப்பிரிக்க மக்களை இறக்கி விற்க அனுமதிக்கப்பட்ட முக்கியத் துறைமுகம் கார்த்தஹேனா, லட்சக்கணக்கானவர்கள் இந்தத் துறைமுகம் வழியாகக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே நின்று இனிப்பு வாங்கிச் சாப்பிடலாம், தப்பே இல்லை, அதை விற்கும் பெண்களுக்கு அது பிழைப்பு. ஆனால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்கவேண்டும்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் புனித பீட்டர் கிளேவர் கோயிலும் மடமும் இருக்கின்றன. 1610இல் இங்கே வந்த இயேசு சபைத் துறவி, கப்பல் வந்ததும் படகில் போய், அடித்தளத்தில் கிடந்த மனிதர்களுக்குத் தண்ணீரும் பழமும் மருந்தும் கொடுத்தவர், அவர்களோடு பேசுவதற்காக ஆப்பிரிக்க மொழிகள் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களைக் கூடவே வைத்திருந்தவர். 1654இல் இங்கேயே இறந்தார், எலும்புகள் பலிபீடத்துக்குக் கீழே கண்ணாடிப் பேழையில் இருக்கின்றன. மடத்துக்குள் மரங்கள் அடர்ந்த முற்றம், அவர் வாழ்ந்த சின்ன அறை. வெயில் ஏறும் பத்து மணிக்கு மேல் போக இதைவிட நல்ல இடம் கிடையாது, அம்மாவுக்கும் கட்டாயம் பிடிக்கும். ஒரு துறவியின் கருணையைச் சொல்லும்போது, அந்த வியாபாரத்தைத் திருச்சபை எதிர்த்து நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே பையனுக்குச் சொல்லவேண்டும். இதே ஊரில் 1610இலிருந்து, கத்தோலிக்க நம்பிக்கைக்கு மாறானவர்கள் என்று கருதியவர்களை விசாரித்துத் தண்டித்த சமய விசாரணை மன்றமும் நடந்தது, அதன் மாளிகை பொலிவார் சதுக்கத்தில் இருக்கிறது, நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள். அதே சதுக்கத்தில் செனூ தங்க அருங்காட்சியகம், ஸ்பானியர் வருவதற்கு முன் இந்தச் சமவெளியில் வாழ்ந்த செனூ மக்களின் தங்க வேலைப்பாடுகள், மெல்லிய கம்பி பின்னியதுபோன்ற காதணிகள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இதற்கே போங்கள்.

கதையின் மறுபாதி ஊருக்கு வெளியே, தென்கிழக்கில் சுமார் ஐம்பது கிலோமீட்டரில். சான் பசிலியோ தே பாலெங்கே என்ற கிராமம். கார்த்தஹேனாவிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடியவர்கள் அரண் அமைத்து வாழ்ந்த குடியிருப்புகளில் இன்று வரை நிலைத்திருப்பது இது. தலைவர் பெங்கோஸ் பியோஹோ, அவரை ஸ்பானியர்கள் 1621இல் பிடித்துத் தூக்கிலிட்டார்கள், ஆனாலும் மக்கள் பணியவில்லை, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய அரசே அவர்களோடு உடன்படிக்கை செய்து சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. ஸ்பானிய அடித்தளத்தில் காங்கோ பகுதி பாண்டு மொழிச் சொற்கள் கலந்த தனி மொழி இன்னும் அங்கே பேசப்படுகிறது. இசை, சாவுச் சடங்கு, மருத்துவம் எல்லாம் சேர்த்து யுனெஸ்கோ 2005இல் அங்கீகரித்தது. சதுக்கத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு கை நீட்டும் பியோஹோ சிலை இருக்கிறது. நாலு நாளில் ஒரு அரை நாளை இதற்குக் கொடுத்தால் மீதி எல்லாம் வேறு மாதிரி விளங்கும். ஒன்றே ஒன்று, அந்தக் கிராமத்துக்காரரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுங்கள், பணம் அங்கேயே போகட்டும். பழைய நகரத்தில் மஞ்சள், நீலம், சிவப்பு உடையில் தலையில் பழக்கூடையோடு நிற்கும் பெண்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். போட்டோ எடுத்தால் காசு கேட்பார்கள், கேட்பது நியாயம், முதலிலேயே எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர்களிடம் பழம் வாங்குங்கள்.

ஹெத்செமானிக்கு ஒரு மாலை. கைவினைஞர்களும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் வாழ்ந்த பேட்டை அது. 1811 நவம்பர் 11 அன்று கார்த்தஹேனா ஸ்பெயினிலிருந்து முழு விடுதலை அறிவித்ததற்கு, பெத்ரோ ரொமேரோ என்ற கைவினைஞர் தலைமையில் இந்தப் பேட்டை ஆட்கள் ஆயுதத்தோடு போய் நெருக்கியதுதான் காரணம். திரினிதாத் சதுக்கத்தில் அவர் சிலை நிற்கிறது. ஏழு மணிக்கு மேல் சதுக்கத்துப் படியில் உட்கார்ந்தால் பையன்கள் பந்து விளையாடுவார்கள், தள்ளுவண்டிகள் வரும், கோயில் வாசலில் கூட்டம் இருக்கும். வீட்டு வாடகையும் வரியும் ஏறி, தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பல விற்றுவிட்டுப் போய்விட்டன. மீதி இருப்பவர்கள் இன்னும் சாயங்காலம் நாற்காலியைத் தெருவில் போட்டுத்தான் உட்காருகிறார்கள். அவர்கள் வாசலைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், சுவரோவியங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

சரி, கடல். லா போதெகீதா படகுத்துறையிலிருந்து காலை எட்டு ஒன்பது மணிக்கு ரொசாரியோ தீவுகளுக்கு வேகப்படகுகள் போகின்றன, சுமார் ஒரு மணி நேரம். தீவு ஹோட்டல்களில் பகல் மட்டும் இருந்து, சாப்பாடு முடித்து, மூன்று மணி வாக்கில் திரும்பும் திட்டத்தை பாசாதியா என்பார்கள், அதையே எடுங்கள். மலிவாக நாலைந்து தீவு காட்டுகிறேன் என்பவர்களிடம் போகவேண்டாம், பாதி நாள் படகிலேயே போய்விடும். துறைமுகக் கட்டணமும் தேசியப் பூங்கா கட்டணமும் பெரும்பாலும் தனி, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரிக் காற்றில் திரும்பி வரும்போது படகு தூக்கித் தூக்கிப் போடும், முதுகு வலி உள்ளவர்கள் முன்பக்கம் உட்காரவே கூடாது, பின்வரிசையில் உட்காருங்கள். அதுவும் அம்மாவுக்கு ஆகாது என்றால் வளைகுடாவுக்கு எதிரிலேயே இருக்கும் தியெர்ரா போம்பா தீவில் ஒரு பகல், படகில் கால் மணி நேரம்தான், தண்ணீர் அவ்வளவு தெளிவில்லை, ஆனால் நிழலில் படுத்துக் கிடக்கலாம். பாரூ பக்கத்தில் பிளாயா பிளாங்கா என்ற வெள்ளை மணல் கடற்கரை பெயர் பெற்றது, சாலை வழியாகவே போகலாம், ஆனால் வார இறுதியில் கூட்டமும் வியாபாரிகளும் நம்மை மூச்சுவிட விடமாட்டார்கள், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

தீவுக்குப் போகும் வழியில் போகாச்சிகா என்ற வளைகுடா வாயிலைக் கடப்பீர்கள், இரண்டு பக்கமும் கோட்டைகள். வளைகுடாவுக்கு இன்னொரு பெரிய வாயில் இருந்தது, அதை அந்தோனியோ தே அரேவலோ என்ற ஸ்பானியப் பொறியாளர் பதினெட்டாம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார். அந்தச் சுவர் இன்னும் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது, பெரிய கப்பல்கள் இன்றைக்கும் போகாச்சிகாவைச் சுற்றித்தான் வருகின்றன. பையனிடம் படகில் வரைபடத்தைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் சாப்பாடு. கடலோரக் கொலம்பியாவில் மீனும் கறியும்தான் பிரதானம், ஆனால் அடிப்படைப் பொருட்கள் நமக்கு அந்நியமானவை இல்லை: தேங்காய், அரிசி, வாழைக்காய், மரவள்ளிக் கிழங்கு, காராமணி. தேங்காய்ப் பாலை அது சுண்டிக் கருகும் பக்குவம் வரை காய்ச்சி அதில் வேகவைக்கும் தேங்காய்ச் சாதம் லேசாக இனிக்கும், சைவம்தான். வாழைக்காயை நசுக்கி இரண்டு முறை பொரித்த பத்தகோன், பெருவள்ளிக்கிழங்கும் உப்புப் பாலாடைக்கட்டியும் போட்ட மோத்தே தே கேசோ என்ற கஞ்சி, இரண்டும் எங்கும் கிடைக்கும். தெருவோரத்தில் புன்யுவேலோ தே ஃபிரிஹோல் கேளுங்கள். காராமணியை ஊறவைத்துத் தோல் களைந்து அரைத்து, கையாலோ கரண்டியாலோ நுரைக்க நுரைக்க அடித்து, கரண்டி கரண்டியாக எண்ணெயில் விடுவார்கள், அடியில் போனது உப்பி மேலே வந்து பொன்னிறமாகத் திரும்பும். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, நம் மெதுவடையைச் சாப்பிட்டவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பலகாரம் அது. ஆனால் ஒன்று, அதே எண்ணெயில்தான் கரிமஞோலா என்ற, கறி வைத்த மரவள்ளிப் பலகாரமும் பொரியும். அம்மாவுக்கு அது ஒத்துவராது என்றால் தெருப் பலகாரத்தை விட்டுவிடுங்கள். அரேப்பா தே உவேவோ என்ற மக்காச்சோள மாவுப் பலகாரத்துக்குள் முழு முட்டை இருக்கும், சில கடைகளில் கறியும் சேர்ப்பார்கள். ஓட்டலில் "வெஹெதாரியானா" என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வந்து நிற்க வாய்ப்புண்டு, "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ" என்று நாலையும் சொல்லுங்கள், கறி, கோழி, மீன், முட்டை இல்லாமல் என்று அர்த்தம். பீன்ஸ் கேட்டால் பன்றிக்கறி போட்டு வேகவைத்ததா என்றும் கேளுங்கள். இதற்காகத்தான் சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் சொன்னேன், காலையில் ஒரு குக்கர் சாதமும் கையில் கொண்டுபோன புளிக்காய்ச்சலும் இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பார். பழங்களுக்குக் குறைவே இல்லை, சப்போட்டாவும் முள்சீத்தாவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் நம் ஊருக்கே வந்தவை, ஜூஸாகவே கிடைக்கும். குழாய்த் தண்ணீரை விட்டுப் பாட்டில் தண்ணீர் குடியுங்கள்.

பாதுகாப்பு. மதிலுக்குள்ளும் ஹெத்செமானியின் முக்கியத் தெருக்களிலும் ராத்திரி பத்து மணி வரை குடும்பத்தோடு நடப்பதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. இங்கே உண்மையான தொல்லை வியாபாரிகளின் நச்சரிப்பும் விலை ஏமாற்றும்தான். கடற்கரையில் "இலவசமாகச் சாப்பிட்டுப் பாருங்கள்" என்று சிப்பியைக் கையில் வைப்பார்கள், காலைப் பிடித்து மசாஜ் ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் பெரிய தொகை கேட்பார்கள். "நோ, கிராசியாஸ்" சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன் கட்டணம் பேசி முடிக்கவேண்டும், போகவேண்டிய இடத்துக்கு எவ்வளவு நியாயம் என்று ஹோட்டலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். லா போப்பா மடத்துக் குன்றுக்குப் போனால் போகவர டாக்சி பேசிக்கொண்டு போங்கள், வழியில் இருக்கும் குடியிருப்புகள் ஊடாக நடக்கவேண்டாம். போனைத் தெருவோரமாக நீட்டிப் பிடித்து நிற்காதீர்கள்.

பணம் பெசோ, டாலருக்குச் சில ஆயிரங்கள், அது ஏறி இறங்கும். நோட்டில் 20 மில், 50 மில் என்று போட்டிருக்கும், மில் என்றால் ஆயிரம், அவசரத்தில் சுழியத்தை எண்ணி ஏமாறாதீர்கள். ஏடிஎம்மோ கார்டு மெஷினோ டாலரிலா பெசோவிலா என்று கேட்டால் எப்போதும் பெசோ. ஓட்டல் பில்லில் பத்து சதவீத சேவைக் கட்டணம் சேர்க்கலாமா என்று கேட்பார்கள், கேட்டுத்தான் சேர்க்கவேண்டும், பெரும்பாலும் சேர்க்கச் சொல்வது வழக்கம்.

டிக்கெட் போடும் முன் காகிதங்களைப் பாருங்கள், இதில் விளையாடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், குறைந்தது 180 நாள் செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா இருந்தால் கொலம்பியாவுக்குத் தனி விசா இல்லாமல் சுற்றுலாவாகப் போகலாம் என்பது விதி. விதிகள் மாறக்கூடியவை, கொலம்பிய வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தால் கிளம்பவே கூடாது, கனடா, மெக்சிகோவுக்கு உள்ள சலுகை கொலம்பியாவுக்குக் கிடையாது, திரும்பி உள்ளே வர முடியாமல் போய்விடும். செக்-மிக் என்ற குடியேற்றப் படிவத்தையும் கிளம்பும் முன் இணையத்தில் நிரப்பிவிடுங்கள்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல். கொலம்பியா அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குபவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தல்தான், இதில் சலுகை பார்ப்பதில்லை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையிலிருந்து நேராகப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் அம்மா கார்த்தஹேனாவிலிருந்து அட்லாண்டாவுக்கு வந்து சில வாரம் இருந்துவிட்டு ஊருக்குப் போவதாக இருந்தால் இந்தச் சான்றிதழ் பிரச்சினை வராது. ஆனால் அறுபது வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் அபாயம் கூடுதல் என்பதால், போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும், இப்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக நாட்களை எப்படி அடுக்குவது என்று கேட்டால்: வந்த அன்று மதில் மட்டும். இரண்டாம் நாள் காலை பவளக்கல் சுவர், சதுக்கங்கள், கிளேவர் மடம், மாலை ஹெத்செமானி. மூன்றாம் நாள் தீவு. நாலாம் நாள் காலை கோட்டை, விமானம் இரவில் என்றாலும் அன்று மத்தியானத்துக்கு மேல் பாலெங்கே வேண்டாம், அது இழுபறியாகிவிடும். கோட்டையா பாலெங்கேயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டி வந்தால், அல்லது இன்னொரு நாள் லீவு கிடைத்தால், தயங்காமல் பாலெங்கேயைச் சேருங்கள், கோட்டையை வெளியே நின்றுகூடப் பார்த்துக்கொள்ளலாம். கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸை வாசித்தவர்கள் வீட்டில் இருந்தால் லா மெர்செத் மடத்து முற்றத்தில் அவருடைய அஸ்தி வைத்திருக்கும் இடத்தையும் இரண்டாம் நாள் காலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், சான் தியேகோவிலிருந்து கொஞ்ச தூரம்தான். பிப்ரவரி வார இறுதி சில வருடங்களில் பாரன்கியா கார்னிவலோடு சேர்ந்து வரும், அந்த ஊர் சாலையில் இரண்டு மணி நேரம்தான், அதனால் கார்த்தஹேனா ரூம்களும் விலை ஏறும். தேதியை ஒருமுறை சரிபார்த்துவிட்டு ரூமை முதலில் போடுங்கள், விமான டிக்கெட்டை அப்புறம் போடலாம்.